குட்டிகாரர்

முத்துஸ்வாமி தீக்ஷிதரின் நோட்டுஸ்வர சாஹித்யங்களைப் பற்றி முன்பு ஒரு முறை பேசியிருக்கிறேன். கேட்டவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். அவர்களில் பாதிப் பேராவது இந்தப் பக்கங்களையும் படிப்பவர்கள். அன்று நான் சொன்னது இது: இவ்வளவு கனமான மனிதர், கோட்டையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஊதிய மெட்டுகளுக்கு சமஸ்கிருத வார்த்தைகளைப் போட்டு நிரப்பியது அவருடைய மேதைமைக்கு ஒரு அடிக்குறிப்பு, அதுவும் சங்கடமான அடிக்குறிப்பு. ஆளவந்தவனின் ராஜ வாழ்த்துக்கு அம்பாள் துதியைப் பொருத்திய காரியத்தை அடிமை மனோபாவத்தின் ஆரம்ப அடையாளங்களில் ஒன்றாகக் கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள். அந்த அபிப்பிராயம் தவறு. அது தவறு என்று எனக்குப் படுவதற்குப் பல வருஷங்களும், ஒரு நாயனக்காரரும், ஒரு ஆங்கில ராக் குழுவின் இசைத்தட்டும் வேண்டியிருந்தன.

நாயனக்காரரைக் கேட்டது காஞ்சீபுரத்தில். ஏகாம்பரநாதர் கோயில் பங்குனி உற்சவத்தில் ஒரு இரவு. புறப்பாட்டின்போது மல்லாரி, நடுவில் நின்று நிதானமாக ஒரு ராகம் எல்லாம் ஆகிவிட்டது. சுவாமி திரும்பிக்கொண்டிருந்தார். தூக்குபவர்களுக்குத் தோள் வலி, குழந்தைகளுக்குத் தூக்கம். அந்த நேரத்தில் கனமாக எதையும் வாசிக்க மாட்டார்கள். நாயனக்காரர் துள்ளலாக ஒன்றை ஆரம்பித்தார். பக்கத்தில் நடந்துவந்த நண்பர், தறிக்காரர், "நோட்டு எடுத்துட்டாரு, இனிமே வீட்டுக்குத்தான்" என்றார். இரண்டாவது திருப்பத்தில்தான் எனக்கு அது என்னவென்று பிடிபட்டது. ‘காஞ்சீசம் ஏகாம்பரம்’, தீக்ஷிதருடைய நோட்டுஸ்வரங்களில் ஒன்று. பாடப்பட்ட தெய்வமே முன்னால் வாகனத்தில் போய்க்கொண்டிருந்தது. மெட்டு கோட்டையிலிருந்து வந்தது, அதில் ஏறிய வார்த்தை இந்தச் சுவாமிக்குரியது. வார்த்தையில்லாத நாயனத்தில் அது மறுபடி வெறும் மெட்டாகி இந்தத் தெருவுக்கே வந்துசேர்ந்திருந்தது.

இசைத்தட்டு விஷயம் இன்னும் எளிமையானது. ஒரு இளம் நண்பர் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘ப்ளூ அண்ட் லோன்ஸம்’ என்ற தட்டைக் கொடுத்தார். 2016இல் வந்தது. 1962இல் தொடங்கிய குழு அது. மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் இருவருமே 1943இல் பிறந்தவர்கள். எழுபத்திரண்டு வயதில், 2015 டிசம்பரில், லண்டனில் மூன்றே நாட்களில் பன்னிரண்டு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். பன்னிரண்டும் மற்றவர்களுடையவை. லிட்டில் வால்டர், ஹௌலிங் வுல்ஃப் போன்ற கறுப்பர்கள் அவர்களுக்கு முன் பாடிய ப்ளூஸ் பாட்டுகள். அரை நூற்றாண்டாகச் சொந்தப் பாட்டு எழுதியே பேரும் பணமும் சேர்த்தவர்கள், தங்களுடையது ஒன்றுகூட இல்லாத ஒரு தட்டை அப்போதுதான் முதன்முதலாகச் செய்தார்கள். 1964இல் வந்த அவர்களுடைய முதல் தட்டிலும் பெரும்பாலானவை இரவல் பாட்டுகளே. ஆனால் அன்று வேறு சரக்கு கையில் இல்லை. 2016இல் இருந்தும் வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஜாகர் ஹார்மோனிகா வாசிக்கிற இடங்களில் தன்னைக் காட்டிக்கொள்ளும் அவசரமே இல்லை.

நண்பரிடம் இதை வியந்து சொன்னேன். அவர், "நம்ம வித்வான்கள் எல்லாரும் காலங்காலமா அடுத்தவங்க பாட்டைத்தானே சார் பாடறாங்க? இதுல என்ன இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934) ஆயுசு முழுக்கத் தியாகராஜரையும் திருப்புகழையும் பாடினார். லயத்தில் அவரோடு உட்காரவே பக்கவாத்தியக்காரர்கள் யோசிப்பார்கள் என்பார்கள். அவரிடம் போய் "உங்கள் சொந்தப் பாட்டு எங்கே?" என்று யாரும் கேட்டதில்லை. பாடுகிறவனுக்கு நம்மிடத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. ஆனால் பாட்டைச் செய்கிறவனுக்கு உண்டு. வாக்கேயகாரன் என்ற சொல்லிலேயே அது இருக்கிறது. வாக்கும் அவனுடையது, கேயமும் அவனுடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டு சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரத்தில் இவர்களைத் தரம் பிரித்துத் தட்டு தட்டாக அடுக்குகிறார். மேல் தட்டில், சொல், மெட்டு இரண்டிலும் வல்லவன். அடியில், அடுத்தவன் மெட்டுக்கு வார்த்தை போடுகிறவன். அவனை வாக்கேயகாரன் என்றே சொல்வதில்லை. குட்டிகாரன் என்று தனிப்பெயர்.

நான் அன்று பேசியபோது இந்தச் சொல்லை அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் என் வாதத்துக்கு இன்னொரு கம்பு கிடைத்ததாகச் சந்தோஷப்பட்டிருப்பேன். இப்போது அது எதிர்ப்பக்கமாகத் திரும்பி நிற்கிறது. தீக்ஷிதர் வேங்கடமகியின் மரபில் வந்தவர், சாஸ்திரம் கரைத்துக் குடித்தவர். குட்டிகாரன் என்றால் யார், அவனுக்கு எந்த இடம் என்பது அவருக்குத் தெரியாதிருந்திருக்க முடியாது. நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் நோட்டுஸ்வரங்கள் கிடைக்கின்றன. நாற்பது முறை தெரியாமல் ஒருவர் கீழ்த்தட்டில் போய் உட்காருவதில்லை.

சந்தர்ப்பம் இதுதான். தீக்ஷிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தார் (1776 என்பாரும் உண்டு). தகப்பனார் ராமஸ்வாமி தீக்ஷிதர் குடும்பத்தோடு சென்னைக்கு வடக்கே மணலிக்குக் குடிபெயர்ந்தார். ஆதரித்தவர் மணலி முத்துக்கிருஷ்ண முதலியார். கம்பெனியாரோடு நெருங்கிய துபாஷ் குடும்பம். அவருக்குப் பின் மகன் சின்னையா முதலியார். இவர்கள் மூலமாகத்தான் தீக்ஷிதர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்பு. மைசூர் யுத்தங்களின் காலம். கோட்டையில் பாண்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல, பட்டாளம் புறப்படுவதும் திரும்புவதும் அதோடுதான்.

ஒரே வீடு, ஒரே பாண்டு. இரண்டு சகோதரர்கள் அதிலிருந்து இரண்டு விதமாக எடுத்துக்கொண்டார்கள். இளையவர் பாலுஸ்வாமி தீக்ஷிதர் (1786–1859) பிடிலை எடுத்துக்கொண்டார். முதலியாரின் ஏற்பாட்டில் ஒரு ஐரோப்பியரிடம் கற்றுக்கொண்டு, பிறகு அதில் நம் சங்கீதத்தை வாசித்தார். அந்த வாத்தியத்தை நாம் என்ன பாடுபடுத்தினோம் என்பது எல்லோருக்கும் தெரியும். நிற்கவைத்து வாசித்ததை உட்காரவைத்தோம், தாடைக்கு அடியில் இருந்ததைக் கணுக்கால் மேல் சாய்த்தோம், தந்திகளின் சுருதியை மாற்றினோம், விரலை இழுத்துக் கமகத்துக்குப் பழக்கினோம். இன்று பிடில் இல்லாமல் கச்சேரி இல்லை. அது வெளியூர்ச் சரக்கு என்று சொன்னால் சிறுவர்கள் நம்ப மாட்டார்கள்.

மூத்தவர் எடுத்துக்கொண்டது மெட்டுகளை. எடுத்துக்கொண்டு, ஒன்றுமே செய்யவில்லை.

இதைத்தான் நான் அன்று கவனிக்கத் தவறினேன். கமகத்தில் தோய்ந்தவர், ஒரு கீர்த்தனையின் முதல் வரியிலேயே ராகத்தின் முழு உருவத்தையும் நிறுத்திவிடக்கூடியவர், அந்த மெட்டுகளில் ஒரு ஸ்வரத்தைக்கூட அசைக்கவில்லை. புத்தகங்களில் நோட்டுஸ்வரங்களுக்கு மேலே ராகம் சங்கராபரணம் என்று போடுகிறார்கள். படிக்கட்டு சங்கராபரணத்தின் படிக்கட்டுதான், ஆனால் அந்த ராகம் அங்கே குடியிருக்கவில்லை. காந்தாரம் குலுங்குவதில்லை, நிஷாதம் மேலே பார்த்து ஏங்குவதில்லை. ஸ்வரத்துக்கு ஒரு அட்சரம் என்று நேராக, கால் எடுத்து வைப்பதுபோல் போகிறது. அவர் நினைத்திருந்தால் ஒரு நாழிகையில் இவற்றை நம்முடையவையாக ஆக்கியிருக்கலாம். ஆக்காமல் விட்டிருக்கிறார். கோட்டையில் எப்படிக் கேட்டாரோ அப்படியே.

அதே ஏகாம்பரநாதர் மேல் அவருடைய வேறொரு பாட்டு இருக்கிறது. பஞ்சபூத லிங்கங்களில் பிருத்வி லிங்கத்துக்காக அவர் பைரவியில் செய்த ‘சிந்தய மாகந்த மூல கந்தம்’. மாமரத்தடி இறைவனைப் பற்றியது. அதைப் பாடுகிறவருக்கு அவசரமே கூடாது. மண்ணைத் தோண்டிக்கொண்டு வேர் இறங்குவதுபோல் இறங்கும் பாட்டு. காஞ்சியில் அவர் சில வருஷங்கள் இருந்தார். நூற்றெட்டு உபநிஷத்துகளுக்கும் உரை எழுதிய உபநிஷத் பிரம்மேந்திரர் அப்போது அங்கே இருந்தார், அவரோடு தீக்ஷிதருக்குப் பழக்கம் இருந்தது. பைரவிக் கீர்த்தனையில் அந்தச் சூழ்நிலையின் கனம் முழுவதும் உண்டு. ‘காஞ்சீசம் ஏகாம்பர’த்தில் அதில் ஒரு குந்துமணி எடை கிடையாது. முன்பு நான் இதை வைத்துத்தான் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தள்ளினேன். ஒரே தெய்வத்துக்கு முன் ஒரே மனிதன் இரண்டு விதமாக நிற்க முடிந்திருக்கிறதே என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ராஜ வாழ்த்து விஷயத்துக்கு வருகிறேன். என் கைதட்டல் அங்கேதானே கிடைத்தது.

‘காட் சேவ் த கிங்’ மெட்டு யாருடையது என்று இங்கிலாந்திலேயே யாருக்கும் தெரியாது. 1744இல் அச்சில் வருகிறது, 1745இல் லண்டன் நாடகக் கொட்டகைகளில் பாடப்படுகிறது. அதன் பிறகு அது ஊர் ஊராகச் சுற்றியது. ஜெர்மானியர்கள் கெய்சருக்காக 1918 வரை பாடினார்கள். ஸ்விட்சர்லாந்து 1961 வரை வைத்திருந்தது. லீக்டன்ஸ்டைன் என்ற குட்டி நாட்டுக்கு இன்றும் அதுதான் தேசிய கீதம். அமெரிக்கர்கள், ராஜாவை விரட்டியவர்கள், 1831இல் அதே மெட்டில் தங்கள் நாட்டைப் பாடிக்கொண்டார்கள். பீத்தோவன் 1803இல் பியானோவுக்காக அதன் மேல் ஏழு விஸ்தாரங்கள் எழுதினார். பீத்தோவனும் தீக்ஷிதரும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள் என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதே இல்லை. வியன்னாவில் ஒருவர் மெட்டைப் பிரித்து அலசினார். 1975இல் குவீன் என்ற ராக் குழு தன் ‘எ நைட் அட் தி ஓபரா’ தட்டின் கடைசியில், பிரையன் மேயின் கிட்டார்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வார்த்தையே இல்லாமல் அதை வாசித்தது. மெட்டை வைத்துக்கொண்டு ராஜாவை எடுத்துவிடுவது எத்தனையோ பேர் செய்திருக்கும் வேலை.

தீக்ஷிதர் அதில் போட்ட பாட்டு ‘சந்ததம் பாஹிமாம்’. சங்கீதத்தின் தேவதையான சியாமளையிடம் ஒருவன் தன்னை எப்போதும் காப்பாற்றச் சொல்கிறான். இங்கிலீஷ் பாட்டும் காப்பாற்றச் சொல்கிற பாட்டுதான். அங்கே கடவுளிடம் ராஜாவைக் காப்பாற்றச் சொல்கிறார்கள். வினைச்சொல் இரண்டிலும் ஒன்றே. காப்பாற்றப்பட வேண்டியவன் மட்டும் மாறியிருக்கிறான். சிங்காசனத்தில் இருக்கிறவன் போய், பாடுகிறவனே வந்து நிற்கிறான். கேட்கப்படும் தெய்வமும் யுத்தத்தில் ஜெயம் கொடுக்கிற தெய்வமல்ல, வீணை வைத்திருக்கிற தெய்வம். மணலி வீட்டில் துபாஷ் குடும்பத்தின் நடுவே வளர்ந்தவருக்கு மூலப்பாட்டின் பொருளை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. பொருள் தெரிந்தே மாற்றினார் என்றுதான் படிக்கிறேன். அடிமை மனோபாவம் என்று நான் சொன்ன இடத்தில் இருப்பது ஒரு ராஜாவை மெல்ல எழுப்பி அந்தப் பக்கம் உட்காரச் சொல்லும் காரியம்.

காஞ்சிக்காரர்களுக்கு இதெல்லாம் அதிசயமாகத் தோன்றாது. வரதராஜப் பெருமாளின் நகைகளில் ஒன்றுக்குக் கோயில் வழக்கில் ‘கிளைவ் மகரகண்டி’ என்றே பெயர். 1794 முதல் 1798 வரை கம்பெனி ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் வரதராஜர் உற்சவத்தைத் தானே முன்நின்று நடத்தியவர், நகையும் கொடுத்தவர். பெருமாள் அந்த நகைகளை உருக்கி வேறு மாதிரி செய்யச் சொல்லவில்லை. கிளைவின் பெயரோடேயே போட்டுக்கொண்டு தெருவில் வருகிறார். நகை கிளைவினுடையது என்பதால் பெருமாள் கம்பெனிச் சேவகராகிவிட்டார் என்று ஒரு கிழவிகூட நினைத்ததில்லை. நான் நினைத்தேன், ஏனென்றால் நான் படித்தவன்.

நோட்டுஸ்வரத்துக்கு முன்பே இந்த முறை தமிழில் இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானிய மிஷனரிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் தங்கள் தேவாலயப் பாட்டுகளை மெட்டு மாறாமல் தமிழாக்கினார்கள். ஆனால் அவர்களுக்கு மூலத்தின் பொருளும் மாறக்கூடாது. மெட்டும் கட்டி, பொருளும் கட்டியதில் பல இடங்களில் தமிழ் மூச்சுத் திணறுகிறது. தீக்ஷிதர் பொருளை விட்டார், அதனால் அவருடைய அட்சரங்கள் குறிலும் நெடிலுமாக ஸ்வரத்தின் மேல் இயல்பாக உட்காருகின்றன. நம் நாடகக் கம்பெனிக்காரர்களும் குஜிலிப் பதிப்புக்காரர்களும் பாட்டின் தலையில் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று அச்சடித்தே விற்றார்கள். கடனைச் சொல்லிக்கொள்வதில் அவர்களுக்கு வெட்கமில்லை. சினிமாவில் அந்த ஒரு வரி காணாமல் போயிற்று. (இதைப் பற்றி வேறு யாராவது எழுதட்டும். எனக்குப் பொறுமை இல்லை.)

என் சங்கடம் வேறு இடத்தில். நான் மொழிபெயர்ப்பும் செய்கிறவன். சில வெளிநாட்டுக் கவிதைகளைத் தமிழில் தந்திருக்கிறேன். "தமிழிலேயே எழுதின மாதிரி இருக்கிறது" என்று கடிதங்கள் வந்தன, அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அந்தக் கவிதைகளை இப்போது எடுத்துப் பார்த்தால், மூலத்தில் கவிஞன் தடுக்கி நின்ற இடமெல்லாம் நான் ஓசையைப் பூசி மெழுகியிருப்பது தெரிகிறது. பனியைப் பற்றி எழுதியவனைத் திண்ணையில் உட்காரவைத்திருக்கிறேன். நம் விமர்சனத்துக்குத் தெரிந்ததெல்லாம் பாலுஸ்வாமியின் வழி ஒன்றுதான். வெளியிலிருந்து வருவதை நம்முடையதாக்கு, ஆக்கினால் மேதை, ஆக்காவிட்டால் நகல். புதுக்கவிதை மேல் ஆரம்பத்திலிருந்து வீசப்படும் கல்லும் இதுதான். திருப்பி வீசுகிறவர்களும் ‘இல்லை, இது நம் மண்ணின் குரல்தான்’ என்று அதே கல்லைத்தான் வீசுகிறார்கள். அன்னியமானதை அன்னியமாகவே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் மேல் தன் தெய்வத்தின் பெயரைச் சொன்ன ஒருவர் அதே வீட்டில் இருந்தார் என்பதை இரண்டு கட்சியும் மறந்துவிட்டன.

தறிக்கார நண்பரிடம் இதை எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அதில் பெரிய விஷயம் ஒன்றும் படவில்லை. கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்குத் தனி நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. அந்தப் பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். "கரையோட நிறம் உடம்புல ஏறிடுச்சுன்னா அந்தச் சேலையை எவன் வாங்குவான்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இந்தப் பாட்டுகள் பின்னால் என்னவாயின என்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தீக்ஷிதர் 1835இல் எட்டயபுரத்தில் காலமானார். ஐம்பது அறுபது வருஷங்களுக்குப் பிறகு ஏ.எம். சின்னஸ்வாமி முதலியார் என்பவர், கிறிஸ்தவர், சென்னையில் சர்க்கார் உத்தியோகஸ்தர், எதிர்த்திசையில் ஒரு வேலையை ஆரம்பித்தார். நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்வரக் குறிப்பில் எழுதி 1893இல் புத்தகமாக்கினார். கைப்பணமும் கண்பார்வையும் அதில் போயின. அவருடைய தூண்டுதலும் எட்டயபுரம் சமஸ்தானத்தின் ஆதரவும் சேர்ந்துதான் பாலுஸ்வாமியின் சுவீகார புத்திரரான சுப்பராம தீக்ஷிதரின் சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்ஶினி 1904இல் வெளிவந்தது. அடுத்த வருஷம் ஆரம்பப் பாடம் படிப்பவர்களுக்காக சுப்பராம தீக்ஷிதர் ஒரு பிரதமாப்யாச புத்தகம் போட்டார். நோட்டுஸ்வரங்கள் அதில் இடம்பெற்றன. பெரிய புத்தகம் வித்வான்களிடம் போயிற்று, இவை குழந்தைகளிடம் போயின. நல்லதுதான் நடந்திருக்கிறது. கச்சேரி மேடைக்குப் போயிருந்தால் யாராவது கமகம் போட்டிருப்பார்கள்.

அன்று இரவு சுவாமி கோயிலுக்குள் போன பிறகு நாயனக்காரர் வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார். அந்த நோட்டை யாரிடம் கற்றார் என்று கேட்டேன். அப்பாவிடம், சின்ன வயதில், மற்ற நோட்டுகளோடு. பெயர் தெரியாது, முதல் நோட்டு இரண்டாவது நோட்டு என்றுதான் கணக்கு. அதற்கு வார்த்தை உண்டு என்றேன்.

"வார்த்தையா? இதுக்கா?"

காகிதம் இல்லை. ஒரு சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். விளக்கின் கீழ் பிடித்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஏகாம்பரம்னா நம்ம சாமிங்களா?" என்றார். ஆமாம் என்றேன். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, தவில்காரர் காத்திருக்கிறார் என்று கிளம்பினார்.